வந்தவாசிப் போரை நடத்திக் காட்ட ஆள் தேடுகிறவர்களுக்கு

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசிக் கோட்டைக்கு வெளியே அயர் கூட்டின் ஆங்கிலப் படை, லாலியின் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. ஓராண்டுக்குள், 1761 ஜனவரியில், பாண்டிச்சேரியும் விழுந்தது. தென்னிந்தியாவில் ஆங்கிலேயனா பிரெஞ்சுக்காரனா என்ற இழுபறி அத்தோடு முடிந்தது. இவ்வளவு பெரிய சங்கதி நடந்த ஊரை வெளியூர்க்காரர்கள் கோரைப்பாயை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறார்கள். வரலாற்றில் ஆர்வமுள்ள நாலு பேர் கூடினால், "அந்தப் போரை ஒரு நாள் மைதானத்தில் நடத்திக் காட்டினால் என்ன?" என்று யாராவது ஆரம்பிப்பது இதனால்தான். 2030-ல் 270 ஆண்டு நிறைகிறது, 2035-ல் 275. காரணத்துக்குக் குறைவில்லை.

பேச்சு நிற்கிற இடமும் எப்போதும் ஒன்றுதான்: ஆளுக்கு எங்கே போவது?

ஐரோப்பாவில் இந்தக் கேள்வியே எழாது. 2015-ல் வாட்டர்லூ போரின் 200-ஆம் ஆண்டுக்கு பெல்ஜியத்தில் 5,000 பேருக்கு மேல் சீருடையோடு வந்து இறங்கினார்கள். சுமார் 300 குதிரைகள், 100 பீரங்கிகள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர், கணக்கர், தச்சர் என்று வேறு வேலை பார்ப்பவர்கள். உடையும் துப்பாக்கியும் சொந்தக் காசு. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரை நடத்திக் காட்டும் 'சீல்டு நாட்' சங்கம் 1968-லிருந்து இருக்கிறது. அங்கே விழாக் குழு செய்ய வேண்டியது, இருக்கிற ரெஜிமென்ட்டுகளுக்குக் கடிதம் போட்டு, கூடாரம் அடிக்க இடமும் குதிரைக்கு வைக்கோலும் ஏற்பாடு செய்வது. நம்மூரில் அப்படி ஒரு பொழுதுபோக்கே வேர்விடவில்லை. அதனால் வேறு வேலைக்காகப் பழகிய ஆட்களை இதற்குத் திருப்ப வேண்டும். யாரைத் திருப்புவது சுலபம் என்பதுதான் இங்கே கேள்வி.

எந்த வேலைக்கு ஆள்?

இதைத் தீர்மானிக்காமல் ஆள் தேடினால் சிலம்பம் ஆடுகிறவர்களிடம் போய் நிற்போம். போர் என்றதும் எல்லாருக்கும் வாள்வீச்சும் குதிரைப் பாய்ச்சலும்தான் கண்ணில் வரும். வந்தவாசியில் நடந்தது வேறு. அது வரிசையில் நிற்பவர்களின் போர். தோளோடு தோள் உரச நின்று, எதிரி சுடும்போதும் கலையாமல் நின்று, உத்தரவு வந்த பிறகு எல்லாரும் ஒன்றாகச் சுடுவது.

அன்றைக்கு நடந்ததைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். முதலில் லாலி குதிரைப்படையோடு ஆங்கிலேயரின் இடப்பக்கத்தைத் தாக்க வந்தார். இரண்டு பீரங்கிகள் முழங்கியதும் குதிரைகள் திரும்பிவிட்டன. அப்புறம்தான் போரின் மையக் காட்சி. பிரெஞ்சுத் தரப்பின் லொரேன் ரெஜிமென்ட், முகப்பில் பன்னிரண்டு பேர் வீதம் நெடும்பத்தியாகத் திரண்டு, பயனெட்டை (துப்பாக்கி முனைக் கத்தியை) நீட்டிக்கொண்டு பாய்ந்து வந்தது. எதிரே கூட்டின் ரெஜிமென்ட் அகல வரிசையில் நின்றது. ஐம்பது கஜம் வரை வரவிட்டுத்தான் சுட்டார்கள். அப்படியும் பத்தியின் முனை வரிசையைப் பிளந்துகொண்டு உள்ளே புகுந்தது. ஆனால் இரண்டு பக்கமும் நின்றவர்கள் மடங்கி வந்து பத்தியின் விலாவில் விழுந்தார்கள், லொரேன் சிதறியது. இது நடக்கிற நேரத்தில் பிரெஞ்சு இடப்பக்கத்தில் ஒரு வெடிமருந்து வண்டி குண்டு பட்டு வெடித்தது. அந்தக் குழப்பத்தில் ஆங்கிலத் தரப்பின் மேஜர் பிரேர்ட்டன் தன் ஆட்களோடு அந்த இடத்தைப் பிடித்தார். அதிலேயே படுகாயம் பட்டார். இழந்த இடத்தை மீட்க வந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, குதிரை விழுந்து, கைதியானார்.

இதில் பார்க்கிறவனுக்குப் புரிய வேண்டிய ஒரே விஷயம், நெடுக்காக வந்த பத்தி அகலமாக நின்ற வரிசையில் மோதி ஏன் உடைந்தது என்பது. அது கண்ணுக்குத் தெரிய எத்தனை பேர் வேண்டும்? பன்னிரண்டு பேர் அகலம், ஐந்து அடுக்கு, ஆக 60 பேர் பத்தியில். எதிரே முப்பது முப்பதாக இரண்டு அடுக்கு, அதிலும் 60 பேர். மொத்தம் 120. நாற்பது பேரை வைத்து ஒப்பேற்றினால் பஸ் ஸ்டாண்டு சண்டை மாதிரிதான் இருக்கும்.

இந்த 120 பேருக்கு வசனம் கிடையாது, முகபாவம் தேவையில்லை. காலடி ஒன்றாக விழ வேண்டும். கட்டளைக்குத் திரும்ப வேண்டும். நாலரைக் கிலோ எடையுள்ள மரத்துப்பாக்கியோடு வெயிலில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். இவர்களைத் தவிர லாலி, புஸ்ஸி, கூட், பிரேர்ட்டன், கதை சொல்ல ஒருவர் என்று பத்துப் பேருக்குள் நடிக்கத் தெரிந்தவர்கள் போதும். இரண்டும் வேறு வேறு திறமை. ஒரே இடத்தில் இரண்டையும் தேடுவதால்தான் பேச்சு பேச்சாகவே நின்றுபோகிறது என்பது என் எண்ணம்.

வெளிநாட்டுக் குழுக்கள்

பணம் உள்ள ஆதரவாளர் ஒருவர் கிடைத்துவிட்டால் முதலில் வரும் யோசனை இது. 'ஐரோப்பாவில், அமெரிக்காவில் அந்தக் காலப் படைகளை நடத்திக் காட்டும் குழுக்கள் இருக்கின்றன, ஐம்பது பேரை வரவழைத்துவிடலாம்.' உடை, நடை, கட்டளைச் சொல் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அவர்கள் ஆசையாக வரவும் கூடும். இந்த மண்ணில் நடந்த போரை இதே மண்ணில் ஆடுவது யாருக்கும் எளிதில் கிடைக்காத வாய்ப்பு.

சிக்கல் துப்பாக்கியில் தொடங்குகிறது. அவர்கள் கையிலிருப்பது உண்மையாகவே சுடும் கல்துப்பாக்கி. அதை விமானத்தில் ஏற்றி, சுங்கத்தில் விளக்கி, ஆயுதச் சட்டத்தின் கீழ் அனுமதி வாங்குவதற்குள் ஆண்டு விழாவே முடிந்துவிடும். (இதில் ஒரு வேடிக்கை: மேலைநாட்டு ஆர்வலர்கள் குறைந்த விலைக்கு வாங்கும் நகல் துப்பாக்கிகளில் கணிசமானவை இந்தியப் பட்டறைகளில் செய்து அனுப்பப்படுபவை. வெறும் நகலாகக் கணக்கில் வர, மருந்தில் தீப்பிடிக்க வைக்கும் தீத்துளையைப் போடாமல் அனுப்புவார்கள்.) துப்பாக்கியில்லாமல் வரச் சொன்னால் பாதி சந்தோஷம் போய்விடும் அவர்களுக்கு. இதையெல்லாம் தாண்டி வந்தாலும் ஊரில் அது வெள்ளைக்காரர் வந்து ஆடிவிட்டுப் போன ஒரு நாள் கூத்தாகத்தான் நிற்கும். அடுத்த ஜனவரிக்கு ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

நான் செய்வதானால் இரண்டு பேரை மட்டும் கூப்பிடுவேன், அதுவும் பயிற்சி கொடுக்க. அக்காலத் துப்பாக்கியை நிரப்பிச் சுடுவதற்கு வரிசைக்கிரமமான கையசைவுகள் உண்டு. அதைப் பழகியவர் நேரில் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தால் மரத்துப்பாக்கிகூட நிஜத்துப்பாக்கி போலத் தெரியும். வர முடியாவிட்டால் வீடியோவில் சொல்லிக்கொடுக்கட்டும்.

சினிமா ஆட்கள்

வடபழனிக்குப் போய் ஏஜென்ட் ஒருவரிடம் சொன்னால் 120 துணை நடிகர்கள் சொன்ன நாளில் சொன்ன மணிக்கு வந்து இறங்குவார்கள். வெயில், காத்திருப்பு, ஒரே காரியத்தைப் பத்து முறை செய்வது, எதற்கும் முகம் சுளிக்காதவர்கள். டிரஸ் கம்பெனியில் சிவப்புக் கோட்டும் கிடைக்கும். சண்டைக் கலைஞர்கள் நாலு பேர் சேர்ந்தால் விழுவதும் புரள்வதும் பார்க்கவே அழகாக இருக்கும்.

ஆனால் பேட்டா, பயணம், சாப்பாடு எல்லாம் நாள் கணக்கு. ஒத்திகைக்கும் நாள் கணக்குதான். அணிவகுப்பு ஒரு நாளில் வராது, எட்டு நாளாவது பழக வேண்டும். சம்பளத்தை எட்டால் பெருக்கிப் பார்த்தால் திட்டம் படுத்துவிடும். ஒரே நாள் ஒத்திகையில் முடித்தால் காமிரா கோணம் வைத்து மறைக்கிற வேலைதான் நடக்கும், மைதானத்தில் நாலு பக்கமும் ஜனம் நிற்கும்போது எதை மறைப்பது? டிரஸ் கம்பெனியின் சிவப்புக் கோட்டும் பொதுவான வெள்ளைக்காரன் கோட்டு. எந்த நூற்றாண்டு என்று அதற்கே தெரியாது. இன்னொரு விஷயம்: லொரேன் ரெஜிமென்ட்டுக்கு வெள்ளைக் கோட்டு சரி, ஆனால் பிரெஞ்சுத் தரப்பிலேயே லாலியின் சொந்த ரெஜிமென்ட் ஐரிஷ்காரர்களுடையது, அவர்களும் சிவப்புக் கோட்டுதான் போட்டார்கள். லாலியின் தகப்பனார் அயர்லாந்துக்காரர். எதிரே நின்ற கூட்டும் அயர்லாந்தில் பிறந்தவர். இதையெல்லாம் கேட்டு உடை தருகிற கடையை நான் பார்த்ததில்லை. துணிவாங்கி உள்ளூர் தையற்காரரிடம் கொடுப்பதே மேல். கம்பளித் துணி வேண்டாம், பருத்தி போதும்.

சிலம்பக் குழுக்கள்

ஆர்வத்தில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆசானிடம் சொன்னால் மறுநாளே ஐம்பது பிள்ளைகள் நிற்பார்கள். ஆனால் சிலம்பம் தனியாளைச் சுற்றிச் சுழலும் கலை. அந்தக் காலடிக்குக் கைக்கெட்டும் தூரம் நாலாபக்கமும் வெட்டவெளி வேண்டும். தோளோடு தோள் நிற்கச் சொன்னால் கலையே செத்துவிடும். இது கட்டபொம்மனையோ மருது சகோதரர்களையோ நினைவுகூரும் விழாவானால் முதலில் அவர்களைத்தான் கூப்பிட வேண்டும். வந்தவாசிக்கு வேண்டாம்.

கல்லூரிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்ற ஹவில்தார்களும்

120 பேர் காலடி ஒன்றாக வைக்க வேண்டும் என்றால் யாருக்கும் தோன்றுவது என்.சி.சி. எனக்கும் அதுதான் தோன்றியது. பரேடு தெரியும், கட்டளை புரியும், கூப்பிட்டால் வரிசையில் நிற்கத் தெரியும். அந்த வட்டாரத்தில் கல்லூரிகளும் உண்டு.

ஆனால் தேதியைப் பாருங்கள். ஜனவரி 22-க்கு நாலு நாள் தள்ளிக் குடியரசு தினம். நல்ல கேடட்டுகள் டெல்லி முகாமிலோ மாவட்ட அணிவகுப்பு ஒத்திகையிலோ இருக்கும் நேரம். அதற்கு முந்தின வாரம் பொங்கல், விடுதிகள் காலி. போதாததற்கு 2030-ல் ஜனவரி 22 செவ்வாய்க்கிழமை, 2035-ல் திங்கள்கிழமை, இரண்டும் வேலைநாள். கல்லூரி முதல்வர் சரி என்று சொன்னாலும் பட்டாலியன் அலுவலகம் சம்மதிக்க வேண்டும். படைக்கு வெளியே ஒரு நாடகத்துக்கு, அதுவும் கம்பெனிக்காரன் வேடத்தில் கேடட்டுகளை அனுப்ப எந்த அதிகாரியும் யோசிப்பார். யோசிக்கத்தான் வேண்டும்.

இதற்கு வழி, படித்து முடித்துவிட்ட பழைய கேடட்டுகள். 'சி' சான்றிதழ் வாங்கிவிட்டு, போலீஸ் தேர்வுக்கோ ராணுவ ஆள்சேர்ப்புக்கோ மைதானத்தில் தினமும் ஓடிக்கொண்டிருக்கும் இருபது, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள். செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் என்று எந்த ஊர் மைதானத்துக்கும் விடியற்காலை போய்ப் பாருங்கள், இருப்பார்கள். இவர்களுக்கு அனுமதிக் கடிதம் வேண்டாம், பரேடு மறந்திருக்காது, ஞாயிற்றுக்கிழமை கையில் இருக்கும். பெண்களும் நிறைய, அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். கோட்டும் தொப்பியும் போட்டு ஐம்பது கஜத்தில் நிற்கும்போது யார் ஆண் யார் பெண் என்று ஒருவருக்கும் தெரியாது, தெரிந்தால்தான் என்ன.

இவர்களைப் பழக்குவது யார்? பழைய வட ஆற்காடு முழுவதும் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் நிறைந்த வட்டாரம். வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பேர். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர். ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் ஒரு வரிசையைப் பார்த்த பார்வையிலேயே எந்தக் கால் பிந்துகிறது என்று சொல்லிவிடுவார். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு அப்படி நாலு பேரைப் பிடித்தால் போதும். அவர்களையே களத்தில் சார்ஜெண்டுகளாகவும் நிறுத்திவிடலாம். கத்துகிற குரலுக்கு மைக் தேவைப்படாது.

கூத்து ஜமா

நடிக்கத் தெரிந்த பத்துப் பேருக்கு மேடை நாடகக்காரர்களைத் தேட வேண்டியதில்லை. வந்தவாசி, செய்யாறு, காஞ்சிபுரம் வட்டாரம் தெருக்கூத்தின் தாய்வீடு. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசைக்குக் கூத்தால் நாட்டுக்கு வெளியிலும் பேர். வெளிநாட்டைப் பார்த்து 'நம்மிடம் போரை நடத்திக் காட்டும் வழக்கம் இல்லையே' என்று ஏங்குகிறவர்கள் ஒரு திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தின் கடைசி நாளுக்குப் போய்வர வேண்டும்.

படுகளம் அது. வெட்டவெளியில் மண்ணைக் குழைத்துத் துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள். தலையிலிருந்து கால்வரை நடந்து கடக்க வேண்டிய நீளம். பட்டப்பகலில் வீமன் வேடமும் துரியோதனன் வேடமும் அந்த உருவத்தைச் சுற்றி ஓடுகிறார்கள், துரத்துகிறார்கள், மேலே ஏறி நின்று வாதாடுகிறார்கள். கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டியபடி அந்த வெயிலில். ஊரே கூட ஓடுகிறது. கடைசியில் தொடையில் அடி விழும்போது உள்ளே புதைத்து வைத்த சிவப்பு நீர் பீறிடும். அதைத் தொட்டுப் பாஞ்சாலி கூந்தல் முடிக்கிறாள். முடிந்ததும் ஜனங்கள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போகிறார்கள். ஒரு போரின் கடைசி நாளை ஆண்டுதோறும் திறந்தவெளியில், கூட்டத்தின் நடுவே, கயிறு கட்டித் தடுக்காமல் ஆடுகிறவர்கள் இவர்கள். கூட்டத்தைச் சமாளிப்பதில் வாட்டர்லூக்காரர்களுக்கே பாடம் எடுக்கலாம்.

புராணம் மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. 1714-ல் ஆற்காட்டு நவாபுப் படையோடு மோதி இறந்த செஞ்சி தேசிங்கு ராஜன் கதையைக் கூத்தில் ஆடுகிறார்கள். அதனால் லாலி வேடம் அவர்களுக்குப் புதிதாக இருக்கலாம், லாலியின் குணம் புதிதில்லை. படித்தவர், வீரர், ஆனால் முன்கோபி. கூட இருக்கிறவன் யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளாதவர். தோற்றுக் கைதியாகி, பிரான்சுக்குத் திரும்பிப் போய் 1766-ல் சொந்த நாட்டு நீதிமன்றத் தீர்ப்பில் தலை வெட்டப்பட்டவர். துரியோதனன் கட்டிப் பழகிய கூத்து வாத்தியாருக்கு இதைவிட நல்ல வேடம் ஏது?

சினிமாவும் என்.சி.சி.யும் தீர்க்க முடியாத ஒரு தொல்லையையும் கூத்து தீர்த்துவிடுகிறது. வந்தவாசியில் மோதியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். இரு தரப்பிலும் நம் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும் முக்கியமான மோதலில் அவர்களுக்குப் பெரிய பங்கில்லை. போர் முடிந்ததும் சிப்பாய்த் தலைவர்கள் கூட்டிடம் வந்து, இப்படியொரு சண்டையைப் பார்க்கக் கொடுத்துவைத்ததற்கு நன்றி சொன்னதாக அக்கால ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். அதாவது நம் ஆள் அன்றைக்குப் பார்வையாளன். அப்படியானால் வெள்ளைக்காரனாக யார் நிற்பது, முகத்துக்குப் பவுடர் பூசுவதா, செம்பட்டைத் தலைமுடி ஒட்டுவதா? அச்சு அசல் என்று கிளம்பினால் இது கேலிக்கூத்தாகத்தான் முடியும். கூத்தில் அந்தக் கவலையே இல்லை. முகத்தில் ஒரு நிறம், தலையில் ஒரு கட்டு, வந்து நின்று 'நான் இன்னார்' என்று பாடினால் இன்னார்தான். ஜனமும் அதை ஒத்துக்கொள்ளும்.

கூத்தில் கதையை நடத்தி, நடுநடுவே கேலியும் பேசும் கட்டியங்காரனை மறக்கக் கூடாது. அவரைத் துபாஷி ஆக்கிவிடலாம். பாண்டிச்சேரியிலும் சென்னப்பட்டணத்திலும் வெள்ளைக்காரனுக்கும் ஊராருக்கும் நடுவில் நின்று இரு பக்கமும் பேசிப் பிழைத்த மனிதர். இப்போது மைதானத்தில் நின்று, லாலி சொல்வதை ஜனத்துக்குச் சொல்லி, இடையிடையே லாலியையும் கிண்டலடித்து, 'இந்தப் பத்தி ஏன் நெடுக்காக வருகிறது தெரியுமா?' என்று விளக்கிக்கொண்டே போவார். பார்க்க வந்த கிழவிக்கும் புரியும், ஆய்வு மாணவருக்கும் புரியும். 'மருதநாயகம் எங்கே?' என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். அவர் அப்போது மதுரைச் சீமையில் இருந்தார் என்று பதில் சொல்வதும் இந்தத் துபாஷியின் பொறுப்பு.

குதிரைக்கும் இதே போல ஒரு வழி உண்டு. உயிருள்ள குதிரைகளைக் காட்சிக்குக் கொண்டுவந்தால் விலங்குநல வாரியப் பதிவு தொடங்கி வேட்டுச் சத்தத்தில் மிரளும் ஆபத்து வரை தலைவலிதான். பொய்க்கால் குதிரை ஆட்டக்காரர்கள் எட்டுப் பேரை அழைக்கலாம். லாலியின் குதிரைப்படை பாய்ந்து வந்து பீரங்கிச் சத்தத்துக்குத் திரும்பி ஓடும் காட்சிக்கு அது அளவெடுத்துச் செய்தது. பிரெஞ்சுக்காரருக்குத் துணைக்கு வந்த முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை கடைசிவரை களத்தில் இறங்கவே இல்லை. அவர்களுக்கு ஓரமாக நாலு குதிரை நின்று வேடிக்கை பார்த்தால் போதும்.

கூத்தின் குறையையும் சொல்ல வேண்டும். ஜமாவில், அதாவது ஒரு கூத்துக் குழுவில், பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள், 120 பேர் வரிசைக்கு அவர்களை நம்ப முடியாது. இரவெல்லாம் ஆடுவது அவர்கள் கணக்கு. ஒன்றரை மணி நேரத்தில் முடியுங்கள் என்றால் ஆரம்ப விருத்தமே அவ்வளவு ஆகும். வரலாற்று ஆர்வலர்களில் சிலர், 'இது என்ன, போர் நிகழ்ச்சியா திருவிழாவா?' என்று முகம் சுளிப்பார்கள். அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. லொரேன் பத்தி நடக்கும் பத்து நிமிடம் மிருதங்கமும் முகவீணையும் வாய் மூடியிருக்க வேண்டும். அதைக் கண்டிப்பாகப் பேசி வாங்கிவிடலாம்.

சேர்த்துப் பார்த்தால்

என் தேர்வு இதுதான்: பத்திக்கும் வரிசைக்கும் பழைய கேடட்டுகள், பழக்க ஓய்வுபெற்ற ஹவில்தார்கள், பேசவும் நடத்தவும் ஒரு கூத்து ஜமா. சினிமாவிலிருந்து வேண்டுமானால் விழுவதற்குச் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு சண்டைப் பயிற்சியாளர், ஒரு நாளைக்கு.

விழுவது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களிடையே ஒரு பழைய நகைச்சுவை உண்டு: இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வந்துவிட்டு முதல் வேட்டிலேயே சாக யாருக்கும் மனம் வராது. குண்டு மழையில் ஒருவரும் விழாமல் நடந்து வருவார்கள். நம் பிள்ளைகளோ முதல் சத்தத்துக்கே அறுபது பேரும் விழுந்துவிடுவார்கள், வெயிலில் படுத்தால் சுகம் என்று. சீட்டுக் குலுக்கிப் போட்டு, எந்த வேட்டுக்கு எந்த எண் விழ வேண்டும் என்று கையில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

எந்தப் பக்கம் யார் என்பதற்கும் சீட்டே போதும். அமெரிக்க உள்நாட்டுப் போர் நிகழ்ச்சிகளில் பக்கம் மாறி நிற்க ஆள் வேண்டியிருப்பதால் சிலர் இரண்டு சீருடையும் வைத்திருப்பார்கள். இங்கேயே பாஞ்சாலங்குறிச்சியை நடத்தினால் கம்பெனிக்காரனாக நிற்க யார் வருவார்கள்? வந்தவாசியில் இரண்டு பக்கமும் அந்நியர். தோற்றவன் வேடத்துக்கு மானப்பிரச்சினை கிடையாது. முதல் முயற்சிக்கு இந்தப் போரைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள பெரிய சௌகரியம் இதுதான்.

இடம், சத்தம், பணம் மூன்றும் ஆள் சேர்ப்பைப் பாதிக்கும். கோட்டை ஓரத்திலேயே நடத்தலாம் என்று ஆசை வரும், வேண்டாம். அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் போர்க்களமே தேசியப் பூங்காச் சேவையின் கையில் இருக்கிறது. அவர்கள் தங்கள் நிலத்தில் எதிரெதிர் வரிசையாகச் சுட்டுக்கொள்ளும் போர் நிகழ்ச்சிக்கு அனுமதிப்பதே இல்லை. 2013-ல் 150-ஆம் ஆண்டுக்கு இரண்டு அமைப்பாளர்கள் தனித்தனியாக, அடுத்தடுத்த வாரக் கடைசிகளில், தனியார் நிலங்களில் நடத்தினார்கள். நாமும் அறுவடை முடிந்த வயலையோ பெரிய பள்ளி மைதானத்தையோ பிடிப்பது நல்லது. தை மாதத்தில் சம்பா அறுவடை எங்கே முடிந்திருக்கும் என்பதை ஊர்க்காரரைக் கேட்காமல் வயலை முடிவு செய்ய வேண்டாம். துப்பாக்கி மரத்தில்தான்; சத்தத்துக்குக் கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுப் போடும் உரிமம் உள்ளவர் இருக்கிறார். வெடிமருந்து வண்டி வெடிக்கும் காட்சியையும் அவர் பார்த்துக்கொள்வார், ஜனத்துக்கு எவ்வளவு தூரம் என்று அவர் சொல்வதை மட்டும் தட்டாமல் கேளுங்கள்.

பணத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. கூத்துக்காரருக்கு அது தொழில். ஓர் இரவு ஆட்டத்துக்கு என்ன வாங்குவார்களோ அதற்குக் குறையாமல், ஒத்திகை நாளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 'கலைச்சேவை' என்று தலையைத் தடவக் கூடாது. பிள்ளைகளுக்குச் சம்பளம் வேண்டாம்; பஸ் காசு, வயிறு நிறையச் சாப்பாடு, விபத்துக் காப்பீடு, தைத்த கோட்டு அவர்களுக்கே சொந்தம். அந்தக் கோட்டு வீட்டில் தொங்கினால்தான் அடுத்த ஆண்டு கூப்பிட்டதும் வருவார்கள். ஹவில்தார்களுக்கு மரியாதைத் தொகை. இந்த ஏற்பாட்டுக்கு நடுவே நாலு துணை நடிகர்களைச் சினிமா பேட்டாவில் கொண்டுவந்து நிறுத்தினால், முதல் நாள் சாப்பாட்டுப் பந்தியிலேயே சண்டை வந்துவிடும். அது ஒத்திகை பார்க்காத போராக இருக்கும்.

நாளைக் கொஞ்சம் முன்பின் நகர்த்தி ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம். எட்டு ஞாயிறு ஒத்திகை என்றால் ஐப்பசி நடுவிலேயே தொடங்கியாக வேண்டும். மழையில் ஒன்றிரண்டு போகும், பொங்கல் ஒன்றைத் தின்னும். பிள்ளைகளை ஐப்பசித் தொடக்கத்தில் சேர்த்தால் போதும், அதற்கு முன் சேர்த்தால் பாதிப் பேர் வேலை கிடைத்துப் போய்விடுவார்கள். நூற்றிருபது பேர் வேண்டிய இடத்துக்கு நூற்றெழுபது பேரை எடுங்கள். ஜமா விஷயம் அப்படியில்லை. மாசி பங்குனியில் பாரதம் தொடங்கினால் ஆடி ஆவணி வரை அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, அப்போது போய்ப் பேசினால் எதற்கும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். பாரதம் ஓய்ந்து ஆவணிக் கடைசியில் வாத்தியார் வீட்டில் இருக்கும்போது போய், வெற்றிலை பாக்கோடு அச்சாரத்தைக் கையில் கொடுத்து, நாளைக் குறித்துவிட்டு வர வேண்டும்.